ஹொரைசன் விவகாரம்: ஒரு தவறு இருபது ஆண்டுகள் எப்படி நின்றது, உண்மை அதை எப்படி வீழ்த்தியது

"‘வாய்மையே வெல்லும்’ என்று அரசு முத்திரையிலேயே பொறித்து வைத்திருக்கிறோம். பொது வாழ்வில் அது நிஜமாகவே நடக்கிறதா? பணமும் அதிகாரமும் உள்ள ஒரு நிறுவனம் தவறான ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னால், சாதாரண மனிதர்களின் உண்மை அதை வெல்ல முடியுமா?" என்பது கேள்வி.

முடியும். வென்றும் இருக்கிறது. ஆனால் ‘பொறுத்திருங்கள், காலம் பதில் சொல்லும்’ என்கிற ஆறுதலை நான் ஏற்க மாட்டேன். யாரோ ஒருவர் தேடி எடுத்து, நாலு பேரைச் சேர்த்து, எதிராளி பதில் சொல்லியே தீர வேண்டிய இடத்தில் கொண்டுபோய் வைத்தால்தான் உண்மைக்குப் பலம் வருகிறது. இதைப் பொதுவாகப் பேசினால் உபதேசமாகிவிடும். அதனால் ஒரே ஒரு விவகாரத்தை எடுத்துக்கொள்கிறேன்: பிரிட்டனின் தபால் நிலையங்களில் ஹொரைசன் என்ற கணினிக் கணக்கு முறையால் நடந்த அநீதி. எந்தத் தேதியில் யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதுவரை ஆவணங்கள் வெளியே வந்துவிட்ட விவகாரம் இது. ஊகத்துக்கு அதிகம் வேலை இல்லை.

முதலில் அங்குள்ள ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் பெரும்பாலான தபால் நிலையங்களை அரசு ஊழியர்கள் நடத்துவதில்லை. கிராமத்திலோ நகரத் தெருவிலோ ஒரு கடை; அதற்குள் ஒரு தபால் கவுன்ட்டர். கடைக்காரரே ஒப்பந்த அடிப்படையில் சப்-போஸ்ட்மாஸ்டர். சேமிப்பை எல்லாம் போட்டு அந்தக் கடையை வாங்கியவர்கள் அவர்கள். முதியோர் ஓய்வூதியம், தபால் தலை, கட்டணங்கள் எல்லாம் அவர்கள் கை வழியாகப் போகும். ஊரில் நம்பகமான ஆள் என்றால் அவர்தான். தெற்காசியாவிலிருந்து குடியேறிய குடும்பங்களும் இதில் நிறைய உண்டு.

1999 முதல் இந்தக் கிளைகளில் ஹொரைசனைப் பொருத்தினார்கள். அதை உருவாக்கியது ஐசிஎல் என்ற நிறுவனம்; அது ஜப்பானிய நிறுவனமான ஃபுஜிட்சுவுக்குச் சொந்தமானது. கல்லாவில் எவ்வளவு பணம் இருக்க வேண்டும் என்பதை இனி கணினி சொல்லும். கையில் உள்ள பணம் அதைவிடக் குறைந்தால் சப்-போஸ்ட்மாஸ்டர் தன் கைக்காசைப் போட்டு நிரப்ப வேண்டும். ஒப்பந்தத்தில் உண்மையில் எழுதியிருந்தது, அவருடைய கவனக்குறைவாலோ தவறாலோ ஏற்பட்ட இழப்புக்கு அவர் பொறுப்பு என்றுதான். ஆனால் தபால் நிலையங்களை நிர்வகிக்கும் தபால் நிறுவனம் அதை ‘எந்த இழப்பானாலும் உங்கள் பொறுப்பு’ என்றே நடைமுறைப்படுத்தியது. இழப்பு நிஜமா, கணினி காட்டும் வெறும் எண்ணா என்று யாரும் பார்க்கவில்லை.

கணக்கு முடிக்கும் நாளில் துண்டு விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே விழுந்தது என்று தேட, கணினிக்குள் உள்ள விவரம் உங்கள் கைக்கு வராது. உதவி எண்ணுக்கு அழைத்தால், ‘பணத்தைக் கட்டிவிடுங்கள்’ என்பார்கள். முன்பெல்லாம் சர்ச்சையில் உள்ள தொகையைத் தனிக் கணக்கில் தள்ளி வைக்கும் வசதி இருந்தது. 2005 வாக்கில் அதையும் எடுத்துவிட்டார்கள். கணக்கை முடிக்காவிட்டால் மறுநாள் கவுன்ட்டரைத் திறக்க முடியாது. முடிக்க வேண்டுமென்றால், கணக்கு சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட வேண்டும். இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டிக் கையெழுத்துப் போட்டால் அது பொய்க்கணக்கு எழுதிய குற்றம். அப்படியே புகார் செய்தால் தணிக்கைக்காரர்கள் வந்து நிற்பார்கள்; அன்றைக்கே தற்காலிகப் பணி இடைநீக்கம். எந்தப் பக்கம் போனாலும் அடி விழும்படி இருந்தது அந்த ஏற்பாடு. யாரோ கெட்ட எண்ணத்தோடு உட்கார்ந்து இதைத் திட்டமிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. ‘கணினி தப்புப் பண்ணாது’ என்ற ஒரு நம்பிக்கையின்மேல் ஒவ்வொரு விதியாக அடுக்கியதில் அது பொறியாகவே ஆகிவிட்டது.

ஹாம்ப்ஷயரில் சவுத் வார்ன்பரோ என்ற கிராமத்தில் கடை வைத்திருந்தவர் ஜோ ஹாமில்டன். ஒருநாள் கணக்கில் சுமார் 2,000 பவுண்டு குறைந்தது. உதவி எண்ணில் சொன்னபடி செய்தார். அவர் கண்ணெதிரிலேயே திரையில் அந்தத் தொகை இரட்டிப்பானது. வீட்டை அடமானம் வைத்துப் பணம் கட்டினார். கடைசியில் 36,000 பவுண்டு திருடியதாக வழக்கு. திருட்டுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று நிறுவனத்தின் சொந்தப் புலனாய்வாளரே அறிக்கையில் எழுதியிருந்தார். இருந்தும் குற்றச்சாட்டு நின்றது. பொய்க்கணக்கு எழுதியதை ஒப்புக்கொண்டால் திருட்டு வழக்கைக் கைவிடுகிறோம் என்றார்கள். சிறைக்குப் போக நேருமே என்று பயந்து அவர் ஒப்புக்கொண்டார். ஊர்க்காரர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். தண்டனை அறிவிக்கும் நாளில் நீதிமன்றத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அந்தக் கிராமம் அவரை நம்பியது. ஆனால் பதிவேட்டில் அவர் குற்றவாளி.

ஜோ ஹாமில்டனிடம் உதவி எண்ணில் சொன்ன ஒரு வாக்கியம்தான் இந்த விவகாரத்தின் அடிவேர் என்பேன். ‘இந்தப் பிரச்சினை உங்களுக்கு மட்டும்தான் வருகிறது.’ அவரிடம் மட்டும் சொன்னதில்லை. பிரிட்லிங்டனில் லீ காசில்டன் என்பவர் 2004இல் சில வாரங்களுக்குள் 91 முறை உதவி எண்ணுக்கு அழைத்தார். அவருக்கும் தான் மட்டும்தான் என்ற நிலைமை. சுமார் 25,000 பவுண்டுக்காக நிறுவனம் அவர்மேல் சிவில் வழக்குப் போட்டது. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாமல் அவரே வாதாடித் தோற்றார். வழக்குச் செலவாக 3,21,000 பவுண்டு கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது, திவாலானார். இப்படி நூற்றுக்கணக்கானவர்கள், ஒவ்வொருவரும் தன் வீட்டுக்குள், ‘ஊரில் எல்லோருக்கும் சரியாக வரும் கணக்கு எனக்கு மட்டும் ஏன் தப்புகிறது’ என்று தன்னையே சந்தேகித்துக்கொண்டிருந்தார்கள். சிலர் வீட்டில் வேலை செய்பவரை, சொந்தப் பிள்ளைகளைக்கூடச் சந்தேகித்தார்கள்.

சட்டமும் நிறுவனத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. 1984ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் 69ஆம் பிரிவின்படி, இங்கிலாந்தில் கணினிப் பதிவை ஆதாரமாகக் காட்ட வேண்டுமானால் அந்தக் கணினி சரியாக இயங்கியது என்று முதலில் காட்ட வேண்டும். இது நடைமுறைக்குச் சிரமம் என்று 1999இல் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது. அதன்பின், எதிராக ஏதாவது காட்டும்வரை கணினி சரியாகவே இயங்கியது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். ஹொரைசன் கிளைகளுக்குப் போய்ச் சேர்ந்த அதே சமயத்தில் இந்த மாற்றமும் நடந்தது. கணினிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாத கடைக்காரர், அது தப்பு என்று காட்ட வேண்டும். வீட்டு மின்மீட்டர் தாறுமாறாக ஓடுகிறது என்று புகார் கொடுக்கப் போனால், அதே மீட்டரில் உள்ள எண்ணைக் காட்டி வாயை அடைப்பது போன்ற நிலைமை.

அதோடு இன்னொன்று. தபால் நிறுவனத்துக்குத் தானே குற்ற வழக்குத் தொடரும் வழக்கம் இருந்தது. பணத்தை இழந்ததாகச் சொல்வது அது, விசாரிப்பது அது, வழக்குப் போடுவதும் அது. 1999க்கும் 2015க்கும் இடையில் ஹொரைசன் கணக்கின்பேரில் 900க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். அதில் சுமார் 700 வழக்குகளை நிறுவனமே நடத்தியது. ஒவ்வொரு தண்டனையும் அடுத்த வழக்குக்கு ஆதாரமானது. ‘இத்தனை நீதிமன்றங்கள் ஹொரைசனை ஏற்றுக்கொண்டிருக்கின்றன, பார்த்தீர்களா?’ பொது வாழ்வில் ஒரு தவறு வலுப்பெறுவது இப்படித்தான். தன்னால் பாதிக்கப்பட்டவர்களையே அது தனக்குச் சாட்சியாக்கிக்கொள்கிறது.

2010இல் சீமா மிஸ்ராவின் வழக்கு நடந்தது. சர்ரேயில் வெஸ்ட் பைஃப்லீட் கிளையை நடத்தியவர். 74,000 பவுண்டு திருடியதாகக் குற்றச்சாட்டு. அவர் திருட்டை ஒப்புக்கொள்ளவில்லை. கணினியில்தான் கோளாறு என்று ஜூரிகளின் முன்னால் வாதாடினார். ஃபுஜிட்சுவின் பொறியாளர் ஒருவர் நிபுணர் சாட்சியாக வந்து ஹொரைசனுக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னார். மிஸ்ராவுக்கு 15 மாதச் சிறை. அப்போது அவர் கர்ப்பிணி. அன்று அவருடைய மகனுக்குப் பத்தாவது பிறந்தநாள். அதே 2010இல், ஹொரைசனில் வரவுக்கும் செலவுக்கும் பொருந்தாமல் போகும் ஒரு பிழையைப்பற்றி ஃபுஜிட்சு, தபால் நிறுவன ஆட்கள் கலந்துபேசிய ஒரு குறிப்பு இருக்கிறது. இது பரவலாகத் தெரிந்தால் ஹொரைசன்மேல் நம்பிக்கை போகும், நடந்துகொண்டிருக்கும் வழக்குகளையும் பாதிக்கலாம் என்ற கவலை அதில் பதிவாகியிருக்கிறது. அந்தக் குறிப்பு மிஸ்ராவின் வழக்கறிஞர்களுக்குப் போகவில்லை.

இதுவரை நடந்ததில், நிறுவனத்தில் பலர் ஹொரைசனை நிஜமாகவே நம்பினார்கள் என்று சொல்லவாவது கொஞ்சம் இடம் இருக்கிறது. 2013க்குப் பிறகு அந்த இடமும் இல்லை. அந்த ஆண்டு ஜூலையில், நிறுவனத்துக்காக வழக்கு நடத்திய சட்ட நிறுவனத்தைச் சேர்ந்த சைமன் கிளார்க் என்ற பாரிஸ்டர் எழுத்து மூலம் ஒரு கருத்துக் கொடுத்தார். மிஸ்ரா வழக்கில் வந்த அந்த நிபுணர் சாட்சிக்குத் தெரிந்திருந்த பிழைகளை அவர் நீதிமன்றத்தில் சொல்லவில்லை, அவருடைய நம்பகத்தன்மை போய்விட்டது, இனி அவரைச் சாட்சியாக நிறுத்தக்கூடாது என்றது அந்தக் கருத்து. அடுத்த மாதம் கிளார்க் இன்னொன்றும் எழுதினார்: ஹொரைசன் பிரச்சினைகளைப் பேசும் வாராந்தரக் கூட்டங்களின் குறிப்புகளை அழிக்கச் சொல்லியிருப்பதாகத் தெரிகிறது, அது கூடாது என்று. சரி, இதற்குப் பிறகு ஒரு நேர்மையான நிறுவனம் என்ன செய்ய வேண்டும்? ஏற்கெனவே தண்டிக்கப்பட்டவர்கள் எல்லோருக்கும் இதைத் தெரிவிக்க வேண்டும். அந்தக் கருத்து மேல்முறையீட்டாளர்களின் கைக்கு வந்தது 2020 நவம்பரில். ஏழு ஆண்டுகள், முழு உண்மையும் ஒரு அலுவலகக் கோப்பில் எழுத்தாக இருந்தது. காலம் போனதுதான் மிச்சம். யாருக்கும் பதில் கிடைக்கவில்லை.

அப்படியானால் எது வேலை செய்தது? நான் ஆலன் பேட்ஸிலிருந்து தொடங்குவேன். வடக்கு வேல்ஸில் லாண்டட்னோவுக்குப் பக்கத்தில் க்ரெய்க்-இ-டான் கிளையை 1998இல் எடுத்தவர். ஹொரைசன் வந்ததும் அவர் கணக்கிலும் துண்டு விழுந்தது. எங்கே விழுந்தது என்று காட்டினால் கட்டுகிறேன், காட்டாமல் கட்ட மாட்டேன் என்று கடிதமாக எழுதித்தள்ளினார். அதிலும் முக்கியமாக, சரியில்லாத கணக்கைச் சரி என்று சொல்லி அவர் கையெழுத்துப் போடவில்லை. 2003இல் காரணம் சொல்லாமல் அவர் ஒப்பந்தத்தை முடித்தார்கள். போட்ட முதலீடு போனது. ஆனால் அவர்மேல் குற்ற வழக்கு இல்லை. காகிதங்கள் எல்லாம் அவரிடம் பத்திரமாக இருந்தன. பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அந்தக் காகிதங்களே தொடக்கம்.

2009 மே மாதம் ‘கம்ப்யூட்டர் வீக்லி’ என்ற தொழில்நுட்ப இதழில் ரெபெக்கா தாம்சன் ஒரு கட்டுரை எழுதினார். ஏழு சப்-போஸ்ட்மாஸ்டர்களின் அனுபவங்கள், பெயரோடு. பெரிய நாளிதழ்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் படிக்க வேண்டியவர்கள் படித்தார்கள். அந்த நவம்பரில் வார்விக்‌ஷயரில் ஃபென்னி காம்ப்டன் என்ற கிராமத்தின் சமூகக்கூடத்தில் பேட்ஸ் ஒரு கூட்டம் கூட்டினார். நாட்டின் நடுப்பகுதி, எங்கிருந்தும் வந்து சேரலாம் என்பதற்காக அந்த ஊர். ஒருவரையொருவர் முன்பின் தெரியாதவர்கள் வந்தார்கள். ஒவ்வொருவரும் எழுந்து தன் கதையைச் சொல்லச் சொல்ல, அடுத்தவருக்கும் அதே கதை என்று தெரிந்தது. ‘உங்களுக்கு மட்டும்தான்’ என்பது அந்தக் கூடத்தில் செத்துப்போனது. நீதிமன்றத்தில் ஹொரைசன் தோற்கப் பத்து ஆண்டுகள் ஆயின. ஆனால் அதன் தோல்வி தொடங்கிய நாள் என்று என்னைக் கேட்டால் அந்தக் கூட்டத்தைத்தான் சொல்வேன். உண்மை அன்றைக்குப் புதிதாகக் கிடைத்துவிடவில்லை. அது ஏற்கெனவே ஒவ்வொருவர் வீட்டிலும் தனித்தனியாக இருந்தது; தனியாக இருந்தவரை அது ஒவ்வொரு முறையும் தோற்றது.

அப்புறம் நடந்தவை பலவற்றை வேகமாகச் சொல்லிப்போகலாம். ஜோ ஹாமில்டனின் தொகுதி எம்.பி. ஜேம்ஸ் ஆர்பத்நாட், ஆளும் கட்சிக்காரராக இருந்தும் விடாமல் இதைக் கையில் எடுத்தார். அவருடைய அழுத்தத்தால் 2012இல் ‘செகண்ட் சைட்’ என்ற தணிக்கைக் குழுவை நியமித்தார்கள். அது சங்கடமான கேள்விகளைக் கேட்கத் தொடங்கியதும் 2015இல் அதை நீக்கினார்கள். சமரசத் திட்டம் ஒன்று வந்தது, போனது. 2015 ஆகஸ்டில் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில் ரிச்சர்ட் ரோல் என்ற முன்னாள் ஃபுஜிட்சு ஊழியர் தோன்றி, அலுவலகத்திலிருந்தே கிளைகளின் கணக்குக்குள் கடைக்காரருக்குத் தெரியாமல் நுழைய முடிந்தது என்றார். அதுவரை நிறுவனம் அடித்துச் சொல்லி வந்தது, வெளியிலிருந்து யாரும் கிளைக் கணக்கைத் தொட முடியாது, ஆகவே குறைந்தால் கடைக்காரர்தான் காரணம் என்று. ஒரு ஊழியரின் வாக்குமூலத்தை நிறுவனம் மறுத்துவிட்டுப் போகலாம். மறுத்தது.

மறுத்துவிட்டுப் போக முடியாத இடம் ஒன்று வேண்டியிருந்தது. அதுதான் உயர் நீதிமன்றத்தில் ‘பேட்ஸ் எதிர் தபால் நிறுவனம்’ என்ற கூட்டு வழக்கு. 2016இல் தாக்கல், 555 வழக்காளிகள், நீதிபதி பீட்டர் ஃபிரேசர். செய்தியாளருக்கு நிறுவனம் ‘கருத்துச் சொல்ல விரும்பவில்லை’ என்று சொல்லலாம், எம்.பி.க்கு வழவழவென்று கடிதம் எழுதலாம். சிவில் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு கேட்கும் ஆவணங்களைக் கொடுத்தாக வேண்டும். ஃபுஜிட்சுவின் பொறியாளர்கள் தங்களுக்குத் தெரிந்த கோளாறுகளை எல்லாம் ஒரு பதிவேட்டில் குறித்து வந்தார்கள். வழக்காளிகள் அதைக் கேட்டபோது, அப்படி ஒன்று இருக்கிறதா என்றே நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் முதலில் கேள்வி எழுப்பினார்கள். பிறகு அது வழக்குக்குத் தேவையில்லை என்றார்கள். பிறகு அது தங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்றார்கள். கடைசியில் ஆயிரக்கணக்கான பதிவுகள் வந்தன. அவற்றை வழக்காளிகளின் கணினி நிபுணர் ஜேசன் காயின் ஒவ்வொன்றாகப் படித்தார். வெளியிலிருந்து கணக்கைத் தொட முடியும் என்பதையும் நிறுவனம் இந்த வழக்கில்தான் ஒத்துக்கொண்டது.

அந்தப் பதிவுகளில் இருந்தவை புரியாத தொழில்நுட்ப விவகாரங்கள் அல்ல. ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டன் கிளையில் 2015இல் 8,000 பவுண்டு பணப் பை ஒன்றின் வரவு கணினியில் நான்கு முறை ஏறிவிட்டது. கல்லாவில் 8,000தான் வந்திருக்கிறது, கணினி 32,000 வந்ததாக நினைக்கிறது. எனவே 24,000 பவுண்டு துண்டு. இது பிழை என்று கண்டுபிடித்ததால் அந்த ஊழியர் தப்பினார். கண்டுபிடிக்காமல் போயிருந்தால், அந்த 24,000 ஒருவருடைய வீட்டையோ சிறைவாசத்தையோ குறிக்கும் எண்ணாகியிருக்கும்.

முதல் தீர்ப்பு 2019 மார்ச்சில் வந்தது. ஒப்பந்தத்தை நிறுவனம் பிரயோகித்த விதம் தவறு என்றது. உடனே நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? நீதிபதி பாரபட்சமானவர், அவரே விலக வேண்டும் என்று மனுப் போட்டது. மனு தள்ளுபடியானது. 2019 டிசம்பர் 16 அன்று இரண்டாம் தீர்ப்பு. ஹொரைசனில் பிழைகள் இருந்தன, அவற்றால் கிளைக் கணக்குகளில் துண்டு விழுந்திருக்க முடியும், விழுந்தது. இதை மறுத்துக்கொண்டே இருப்பது, பூமி தட்டை என்று இருபத்தொன்றாம் நூற்றாண்டில் சாதிப்பதற்குச் சமம் என்று நீதிபதி எழுதினார். அதற்குச் சில நாள் முன்னால்தான் 57.75 மில்லியன் பவுண்டுக்குச் சமரசம் ஆகியிருந்தது. வழக்குச் செலவும் வழக்குக்குப் பணம் போட்டவர்களின் பங்கும் போக, 555 பேருக்கும் சேர்த்து மிஞ்சியது சுமார் 12 மில்லியன். தலைக்குச் சுமார் 20,000 பவுண்டு. காசில்டன் கட்டச் சொல்லப்பட்ட செலவுத்தொகையில் சுமார் பதினைந்தில் ஒரு பங்குதான் அது. உண்மையை நிலைநாட்டுவதற்கு இவ்வளவு விலை என்றால், அந்த விலையைக் கொடுக்க முடியாதவர்கள் எத்தனை வழக்குகளில் தோற்றிருப்பார்கள் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் வரும்.

2021 ஏப்ரல் 23 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனைகளை ரத்து செய்தது. ஜோ ஹாமில்டனும் சீமா மிஸ்ராவும் அதில் இருந்தார்கள். அந்த வழக்குகளைத் தொடர்ந்ததே நீதிமன்றத்தின் மனசாட்சிக்கு எதிரானது என்று நீதிபதிகள் சொன்னார்கள். ஆனால் மீதி நூற்றுக்கணக்கானவர்கள் அப்படியே இருந்தார்கள். மேல்முறையீடு செய்யுங்கள் என்று கடிதம் போனால், அந்த நிறுவனத்தின் பெயர் போட்ட உறையைப் பிரிக்கவே பலருக்குப் பயம்.

பிறகு 2024 ஜனவரி முதல் வாரத்தில் ஐடிவி தொலைக்காட்சியில் நான்கு பாகத் தொடராக இந்தக் கதை ஒளிபரப்பானது. நாடே கொதித்தது. தபால் நிறுவனத்தின் முன்னாள் தலைமை அதிகாரி பாலா வெனல்ஸ் தன் அரசுப் பட்டத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தார். ஜனவரி 10 அன்று பிரதமர் ரிஷி சுனக், தண்டனைகளை ஒரே சட்டத்தால் ரத்து செய்வோம் என்றார். மே 24 அன்று அந்தச் சட்டம் நிறைவேறியது. ‘இருபது வருட உண்மையால் முடியாததை ஒரு டிவி தொடர் செய்துவிட்டது’ என்று பலர் சொல்கிறார்கள். இதில் எனக்கு வேறு கருத்து உண்டு. அதே தொடர் 2010இல் வந்திருந்தால் நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் அவதூறு நோட்டீஸ் அனுப்பி நிறுத்தியிருப்பார்கள், அல்லது ‘நீதிமன்றமே தண்டித்தவர்களைத் தியாகிகளாகக் காட்டுகிறார்கள்’ என்று பத்திரிகைகள் எழுதியிருக்கும். 2019 தீர்ப்பு இருந்ததால்தான் 2024 தொடரை யாராலும் மறுக்க முடியவில்லை. அதே சமயம் தீர்ப்பு மட்டும் போதவில்லை என்பதும் நிஜம். நான்கு ஆண்டுகளாக அது எல்லோரும் படிக்கக்கூடிய இடத்தில்தான் இருந்தது. அரசு அசைந்தது மக்கள் அழுத பிறகுதான். நிரூபிப்பவரும் வேண்டும், நிரூபித்ததை ஊருக்குப் புரியவைப்பவரும் வேண்டும். முதலாமவர் இல்லாமல் இரண்டாமவர் வந்தால் அது வெறும் பரபரப்பு.

வெற்றி என்று சொல்லும்போது நான் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. முன்னாள் நீதிபதி சர் வின் வில்லியம்ஸ் நடத்திய பொது விசாரணையின் அறிக்கையில் முதல் தொகுதி 2025 ஜூலை 8 அன்று வெளிவந்தது. இந்த விவகாரத்தோடு தொடர்புடையதாக இருக்கக்கூடிய தற்கொலைகள் குறைந்தது 13 என்கிறது அது. மூத்த அதிகாரிகள் பலருக்கு ஹொரைசன் தவறு செய்யக்கூடியது என்று தெரிந்திருந்தது, அல்லது தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் அதன் கணக்கு எப்போதும் சரி என்ற கற்பனையைக் காப்பாற்றி வந்தார்கள் என்றும் சொல்கிறது. பெயர் துலங்குவதற்கு முன்பே இறந்தவர்கள் பலர். அப்பா திருடர் என்று பள்ளியில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இப்போது நடுவயதுக்காரர்கள். அவர்களுக்கு உண்மை வெகு தாமதமாக வந்தது. தாமதத்துக்கு இயற்கையான காரணம் எதுவும் இல்லை. பெயரும் பதவியும் உள்ள மனிதர்கள் அதைத் தாமதப்படுத்தினார்கள்.

கேள்வி கேட்டவர் இப்படி ஒரு சூழலில் தானே இருந்தால், இந்த விவகாரத்திலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது இருக்கிறது. பேட்ஸிடம் இருந்தது பெரிய துணிச்சல் என்பதைவிட நல்ல பழக்கங்கள் என்றே சொல்வேன்: எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டார், வந்த பதிலைப் பத்திரப்படுத்தினார், உண்மையில்லாத எதிலும் கையெழுத்துப் போடவில்லை. ‘உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை’ என்று ஒரு அலுவலகம் சொன்னால், அதை முதலில் சரிபார்க்க வேண்டும். இன்னொரு ஆள் கிடைத்துவிட்டால் அங்கே நிலைமை மாறுகிறது. நம் நாட்டில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருப்பதால், அரசு அலுவலகங்களிடம் ‘இதே மாதிரி எத்தனை புகார்கள் வந்திருக்கின்றன’ என்று எழுத்தில் கேட்க ஒரு வழியாவது உண்டு. ஹொரைசனால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் பல ஆண்டுகள் கிடைக்கவில்லை.

கணினியை நம்பச் சொல்லும் அந்த அனுமானத்தை 2025 தொடக்கம் வரை பிரிட்டன் முழுதாகக் கைவிடவில்லை. அதை மாற்றலாமா என்று நீதித்துறை அமைச்சகம் 2025 ஜனவரியில் கருத்துக் கேட்டது. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்க ஒரு சான்றிதழ் கேட்கிறது. கருவிக்குப் பொறுப்பானவரும் ஒரு நிபுணரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். பிரிட்டன் 1999இல் தூக்கியெறிந்த பாதுகாப்புக்குக் கிட்டத்தட்டச் சமமானது நம்மிடம் இருக்கிறது. ஆனால் அந்தச் சான்றிதழ் ஒரு படிவமாக மட்டும் நிரப்பப்பட்டு, கணினி உண்மையில் சரியாக இயங்கியதா என்று யாரும் குறுக்கு விசாரணை செய்யாவிட்டால், கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கும் ஆளுக்கு அதனால் பலன் இல்லை. வங்கி, ரேஷன், கூட்டுறவுச் சங்கம் எல்லாம் இன்று திரையில் தெரியும் எண்ணை வைத்தே மனிதர்களைக் கேள்வி கேட்கின்றன. அந்த எண் எப்படி வந்தது என்று திருப்பிக் கேட்கும் வழக்கறிஞர்கள் நமக்கு நிறையத் தேவை.